மல்லிகைக்கு ஒரு நோட்டு: கவாத்து முதல் ஆடிக்காற்று வரை வாரக் கணக்கு

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும்போது, வீட்டுச் செடியில் பறித்த மல்லிகையைச் சரமாகக் கட்டிக் கொண்டுபோக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் ஆச்சி இருந்தவரை அப்படித்தான் நடந்தது. அவள் போன பிறகு பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் நானே ஆறு தொட்டி வைத்தேன். ஒரு வருடம் உத்திரம் முடிந்து பத்து நாள் கழித்துப் பூத்தது. இன்னொரு வருடம் செடி முழுக்க இலை, மருந்துக்கும் ஒரு மொட்டு இல்லை. 2025இல்தான் முதல்முறையாக உத்திரத்துக்குப் பூ வந்தது. அந்த வருடம் புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று: கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட நாளிலிருந்து வாரம் ஒருமுறை செடியைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன்.

ஆச்சி எதையும் எழுதி வைத்ததில்லை. ஆனால் தினமும் காலையில் காபி டம்ளரோடு செடி முன்னால் நிற்பாள். வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு ஓடுகிற நமக்கு அந்த நிற்பு வாய்க்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கிறவர்களுக்கு நோட்டு வேண்டும். புதிதாக மல்லிகை வைக்கிறவர்களுக்காக அந்த நோட்டை எப்படிப் போடுவது, எந்த வாரம் எதைப் பார்ப்பது என்று இங்கே சொல்கிறேன்.

எந்தச் செடி, எந்தத் தொட்டி

இங்கே சொல்வதெல்லாம் குண்டுமல்லிக்கு. பிச்சிக்கும் முல்லைக்கும் காலக் கணக்கு வேறு. நம் ஊரில் பிச்சி என்கிறோமே, வெளியூரில் அதுதான் ஜாதிமல்லி. மொட்டின் புறத்தில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். அது கோடை கழிந்துதான் மும்முரமாகப் பூக்கும். மூன்றையும் வாங்கி வரிசையாக வைத்துவிட்டு ஒரே நாளில் கவாத்து செய்தால் ஏமாற்றம்தான்.

ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துப் பதியன்கள்தான் (கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்த கன்றுகள்) தமிழ்நாடு முழுக்கப் பேர் பெற்றவை. உள்ளூர் நர்சரியில் கேட்டாலே கிடைக்கும். மதுரை மல்லி என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் யோசித்து வாங்குங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அது அந்த வட்டாரத்து மண்ணிலும் வெயிலிலும் விளைகிற பூவுக்கு உரியது. பாளையங்கோட்டை மாடியில் வளர்கிறது பாளையங்கோட்டை மல்லி, அதுவும் நன்றாகவே மணக்கும்.

தொட்டி ஓர் அடி ஆழத்துக்குக் குறையக் கூடாது. ஒன்றேகால் அடி இருந்தால் நல்லது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. வெறும் கரிசல் மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். மழையில் களியாகி, வெயிலில் வெடித்து, வேரை நோகடிக்கும். தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிழலில் நான் வைத்த ஒரு செடி இரண்டு வருடம் பூக்கவே இல்லை. நாலடி தள்ளி வைத்ததும் பூத்தது.

நோட்டும் நூலும்

முதல் வருடம் நோட்டுப் போடுகிற எல்லோரும் எத்தனை பூ பூத்தது என்றுதான் எழுதுவார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. பூவை எண்ணுகிற நேரத்தில் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே எண்ண வேண்டியது தளிரை. பங்குனியில் என்ன வரும் என்பதைத் தை மாதத் தளிர் சொல்லிவிடும்.

செடி முழுவதையும் எண்ண முடியாது, தேவையும் இல்லை. ஒரு செடிக்கு மூன்று தளிர் போதும். கிழக்குப் பக்கம் ஒன்று, மேற்குப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் தையல் நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது வெட்டிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மூன்றை மட்டும் அளந்தால் போதும்: நீளம் எத்தனை அங்குலம், எத்தனை ஜோடி இலை, நுனியில் என்ன இருக்கிறது. கூடவே அந்த வாரம் மழை உண்டா, என்ன தண்ணீர் ஊற்றினோம், என்ன உரம் போட்டோம் என்று ஒரு வரி.

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "6ஆம் வாரம். 2ஆம் தொட்டி. சிவப்பு நூல் 7 அங்குலம், 4 ஜோடி. பச்சை நூல் 5, 3 ஜோடி. மஞ்சள் நூல் 2, நுனி கருகல். போர் தண்ணீர் மூன்று நாள்." எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நின்று, அதே காலை நேரத்தில். நடு மதியத்தில் எடுத்தால் எல்லா இலையும் வெளிறித்தான் தெரியும். பச்சை குறைந்திருக்கிறதா என்று போன வாரப் படத்தோடு ஒப்பிட முடியாது.

கவாத்து: கணக்கு தொடங்கும் நாள்

வேளாண்மைக் கையேடுகள் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்து என்று சொல்லும். வயலுக்கு அது சரி. நம் மாவட்டத்துத் தொட்டிச் செடிக்கு நான் அதைப் பின்பற்றுவதில்லை, காரணம் சொல்கிறேன். 2023 நவம்பர் கடைசியில் கையேட்டில் உள்ளபடியே வெட்டினேன். டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழை இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தது. மாடியில் வெள்ளம் இல்லைதான். ஆனால் இலையே இல்லாத செடி தண்ணீரை உறிஞ்சாது. தொட்டி மண் பத்து நாள் சொதசொதவென்று கிடந்தது. வெட்டிய நுனியிலிருந்து கீழ்நோக்கி அழுகி இரண்டு செடி போய்விட்டது.

இப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே வெட்டுகிறேன். நாளைக் குறிக்க ஒரு எளிய வழி உண்டு. பூ எந்த நாளுக்கு வேண்டுமோ அங்கிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணுங்கள். 2024இல் பங்குனி உத்திரம் மார்ச் 25. பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 1. 2025இல் உத்திரம் ஏப்ரல் 11. எண்ணினால் ஜனவரி 17, அதாவது பொங்கல் முடிந்த கையோடு. இரண்டு வருடத்து வெட்டும் தேதிக்கும் நடுவே பதினாறு நாள் வித்தியாசம் பாருங்கள். "போன வருடம் வெட்டிய அதே தேதி" என்று போனால் ஏன் தப்பிப் போகிறது என்பது எனக்கு இதை எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பன்னிரண்டு வாரம் என்பது என் மாடிக் கணக்கு. உங்கள் மாடியில் பதினொன்றாகவோ பதின்மூன்றாகவோ இருக்கலாம். முதல் வருட நோட்டு அதைச் சொல்லிவிடும்.

வெட்டுவதற்கு ஐந்தாறு நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு, மேலே உள்ளதைக் கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி, பென்சிலை விட மெலிந்த குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். புதியவர்களுக்கு இங்கேதான் மனசு வராது. பச்சை இலையைப் போய் உருவுவதா என்று தோன்றும். உருவுங்கள். பழைய இலையில் ஒளிந்திருக்கிற சிலந்திப் பேனும் அதோடு போய்விடும்.

மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, இரண்டு கை தொழு உரம், ஒரு கை எலும்புத் தூள் போட்டு மூடித் தண்ணீர் ஊற்றுங்கள். நோட்டில் தேதியைப் பெரிதாக எழுதுங்கள்.

முதல் மூன்று வாரம்

பார்க்க ஒன்றும் இருக்காது. மொட்டைக் குச்சிகள் நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் செடி செத்துப்போச்சா என்று கேட்பார்கள். இந்த நாட்களில் தண்ணீரைக் கொட்டிக் கொல்கிறவர்கள்தான் அதிகம். விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இரண்டாம் வார முடிவில் கணுக்களில் கடுகளவு பச்சை தெரியும். மூன்றாம் வாரம் அது கோதுமை மணி அளவு ஆனதும் நூல் கட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் குச்சியின் தோலை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

நான்காம் வாரம் முதல் ஏழு வரை: எல்லாம் முடிவாகிற நாட்கள்

தளிர் வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை அங்குலம் என்று நீளும். ஐந்து, ஆறாம் வாரங்களில் இன்னும் வேகம். இங்கே இரண்டு விஷயத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இளம் இலையின் நிறம். நரம்பு பச்சையாக நின்று, நடுவெளி மட்டும் மஞ்சளாகப் போனால் அது இரும்புச் சத்துக் குறை. பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கூடியது. சுண்ணாம்புத் தன்மை ஏற ஏற, மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நோட்டில் தண்ணீரை எழுதச் சொன்னது இதற்குத்தான். மூன்று நாள் போர் தண்ணீர் ஊற்றிய வாரங்களுக்கு அடுத்த வாரம் என் செடி மஞ்சளாகத் தொடங்குவதை எழுதிப் பார்த்தே கண்டுபிடித்தேன். அதன் பிறகு குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம்மில் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றுகிறேன். மஞ்சளுக்கு மருந்து, உரக்கடையில் கிடைக்கிற அன்னபேதி உப்பு. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொருமுறை. அடுப்புச் சாம்பல் போட்டால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். இந்த மஞ்சளுக்குச் சாம்பல் ஆகாது, அது சுண்ணாம்புத் தன்மையை இன்னும் ஏற்றும்.

இரண்டாவது, தளிர் ரொம்ப வேகமாக நீளுகிறதா என்பது. கேட்க நல்ல சேதி போல இருக்கும், ஆனால் அப்படி இல்லை. வாரத்துக்கு நான்கு அங்குலம் நீண்டு, இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி கூடி, நுனி கொடி போல வளைந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை வாரா வாரம் ஊற்றினால் இப்படித்தான் ஆகும். இலை மட்டும் பூத்த என் வருடம் அதுதான். புண்ணாக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கை கடலைப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை மட்டும் எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, தொட்டிக்கு ஒரு சொம்பு. நான்காம் வாரம் ஒருமுறை, ஏழாம் வாரம் ஒருமுறை, அவ்வளவுதான். கொடியாக ஓடிய நுனி இருந்தால் ஏழாம் வாரத்துக்குள் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் இரண்டு தளிர் கிளம்பும், பூ கொஞ்சம் தள்ளிப்போகும். கிள்ளிய தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

எட்டு, ஒன்பது: மொட்டு தெரியும் நேரம்

நூல் கட்டிய தளிர் மூன்று முதல் ஐந்து ஜோடி இலை விட்டதும் நீளுவது நிற்கும். நோட்டில் இரண்டு வாரம் ஒரே அளவு வந்தால் பயப்படாதீர்கள். நுனியை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். பச்சை நிறத்தில், மெல்லிய முள் போன்ற புல்லி இதழ்களுக்குள் மிளகு அளவில் மூன்று உருண்டை சேர்ந்திருக்கும். நடுவில் உள்ளது முதலில் பெருக்கும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். முதன்முதலாக அதைப் பார்த்த ஞாயிறு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கீழே ஓடிப்போய் மதினியைக் கூட்டி வந்து காட்டினேன்.

மிளகளவு தெரிந்த நாளிலிருந்து பறிக்கிற நாள்வரை என் மாடியில் ஏறக்குறைய மூன்று வாரம். இந்த மூன்று வாரம் மண் காயவே கூடாது. முன்பு விரல் விட்டுப் பார்த்து ஊற்றினோம், இப்போது தினம் காலையில் ஊற்ற வேண்டும். ஒருநாள் தவறினாலும் மாசி, பங்குனி வெயிலுக்கு மொட்டு பழுத்து உதிர்ந்துவிடும். தொட்டி மேல் காய்ந்த வாழைச் சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். நம் ஊரில் அதற்கா பஞ்சம்!

மொட்டுக்கு வரும் இரண்டு கேடு

பத்தாம் வாரத்திலிருந்து மொட்டை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மொட்டில் சின்ன ஓட்டை, பக்கத்து மொட்டுகளோடு நூலாம்படை போல ஒட்டியிருக்கிறது என்றால் உள்ளே பச்சையாக ஒரு புழு இருக்கும். அது மொட்டுப்புழு. கையால் கிள்ளி எடுத்துவிடலாம்.

அடுத்தது கொஞ்சம் ஏமாற்றும். மொட்டு வெள்ளையாகாமல் ஊதா கலந்த சிவப்பாகி, அடிப்பக்கம் மட்டும் வீங்கி, வளராமல் நிற்கும். பலர் இதை வெயிலால் வந்தது என்று விட்டுவிடுகிறார்கள். கொசுவை விடச் சிறிய ஒரு ஈ மொட்டில் முட்டை வைத்து, அதன் புழு அடியில் இருந்து தின்னுவதால் வருவது இது. புழு முற்றியதும் கீழே விழுந்து மண்ணுக்குள் கூடு கட்டும். ஆகவே மருந்து மேலே மட்டும் இல்லை, கீழேயும் வேண்டும். சிவந்த மொட்டுகளைப் பறித்து ஒரு பையில் கட்டி வெயிலில் போடுங்கள். தொட்டிக்குள்ளேயே உதிர்த்துவிடாதீர்கள். மேல் மண்ணை வாரம் ஒருமுறை கிளறி வெயில் காட்டுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புத் தண்ணீர், இரண்டையும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தலையில் வைக்கிற பூ, சாமிக்குப் போடுகிற பூ என்பதால் கடும் பூச்சிக்கொல்லி எதையும் நான் வீட்டில் தொடுவதில்லை.

இலை மேலே வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய வலை என்றால் செஞ்சிலந்தி. பங்குனி வெக்கையில் வரும். இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி இரண்டு மூன்று நாள் கழுவினாலே பாதி போகும். போகாவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்காதீர்கள், இலை கருகும். எது எந்தத் தேதியில் தெளித்தோம் என்பது நோட்டில் இருந்தால்தான் இதெல்லாம் கைக்கு வரும்.

பறிக்கும் வாரங்கள்

பன்னிரண்டாம் வாரம் மொட்டு பச்சை விட்டு வெள்ளையாகும். நன்றாகப் பருத்து, முழு வெள்ளையாகி, விரியாமல் இருப்பதே பறிக்கிற பக்குவம். விடிகாலையில் பறித்தால் மாலையில் மலரும். பச்சை ஓடிய மொட்டைப் பறித்தால் அது மலரவே மலராது. விட்டுவைத்தது இரவில் செடியிலேயே மலர்ந்து, மறுநாள் பழுப்பேறி உதிரும்.

இனி நூலை விட்டுவிட்டு விளைச்சலை எழுதுங்கள். நான் உழக்கால் அளக்கிறேன். தராசு தேடி ஓட வேண்டாம், ஆச்சி வைத்திருந்த பித்தளை உழக்கு போதும். "கால் உழக்கு, அரை உழக்கு, உழக்கு நிறைய" என்று தேதியோடு எழுதினால் வரத்து ஏறுவதும் இறங்குவதும் தெரியும். என் ஆறு தொட்டியிலும் சேர்த்து உச்சம் எட்டு நாள் இருந்தது, பிறகு சரிந்தது. அந்த உச்சம் உத்திரத்தை விட்டு முன்னே விழுந்ததா, பின்னே விழுந்ததா, எத்தனை நாள் என்பதை எழுதுங்கள். அடுத்த வருடம் கவாத்துத் தேதியை அத்தனை நாள் நகர்த்த வேண்டும். பறித்ததை ஈரத்துணியில் போட்டு வைத்து, மதியம் வாழைநாரால் கட்டினால் சரம் வாடாது.

சரி, முதல் ஈடு, அதாவது முதல் சுற்றுப் பூ, முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். பூத்து முடிந்த தளிரை இரண்டு ஜோடி இலை விட்டு நுனியில் வெட்டுங்கள், புதிய மூன்று தளிருக்கு நூல் மாற்றுங்கள், தொழு உரம் ஒரு கை போடுங்கள். ஐந்தாறு வாரத்தில் அடுத்த ஈடு வரும். அப்படி வைகாசிக் கொடை விழாவுக்கு அம்மனுக்கு ஒரு ஈடு, நெல்லையப்பர் ஆனித் தேருக்கு இன்னொன்று என்று கணக்குப் போடலாம். இரண்டாம் ஈட்டுக்குக் கவாத்துக்குப் பிந்திய மொட்டைக் காலம் இல்லாததால் வாரம் குறைகிறது.

ஆனி பிறந்தால் மேல்காற்று கிளம்பும். அது தளிரை ஒடிக்கும், மொட்டை உலர்த்தும். தொட்டியை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நகர்த்திவிடுங்கள், சுவர் காற்றை வாங்கிக்கொள்ளும். ஆடியில் என் நோட்டில் உழக்குக் கணக்கு நின்று "பத்து மொட்டு", "ஆறு மொட்டு" என்று போகும். அதன் பிறகு செடியை வற்புறுத்துவதில்லை. உரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றி வருகிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்து, அடி ஓட்டையில் குச்சி விட்டு, வேர் அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள். அந்தத் தேதியையும் எழுதிவிடுங்கள்.